புதிய நிரலாக்க மொழி கற்க எந்தப் புத்தகம்? அனுபவமுள்ள மென்பொருள் பொறியாளர்கள் கவனிக்க வேண்டியவை

பெங்களூரு: ஜாவா மொழியில் எட்டு, பத்து ஆண்டுகள் நிரல் எழுதிய ஒரு பொறியாளரிடம், அடுத்த திட்டம் கோ மொழியில் என்று நிறுவனம் சொல்வது பெங்களூரு, ஹைதராபாத், புனே, சென்னை என எந்த ஐடி நகரத்திலும் இன்று வியப்பான செய்தி அல்ல. பழைய பொறுப்பை ஒப்படைப்பதற்கும் புதிய குழுவில் சேர்வதற்கும் இடையே கிடைப்பது சில வாரங்கள். அதிலும் அலுவலகம், பயணம், வீடு போக மிஞ்சுவது இரவில் ஒரு மணி நேரமும், வார இறுதியில் ஒரு பொழுதும்தான். அந்தச் சொற்ப நேரத்தை எந்தப் புத்தகத்திடம் ஒப்படைப்பது என்பது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். தவறாகத் தேர்ந்தெடுத்தால் பணத்தை விட நேரமே அதிகம் வீணாகும்.

பொதுவாக நடப்பது இதுதான். இணைய விற்பனைத் தளத்தில் மொழியின் பெயரைத் தட்டச்சு செய்து, அதிக நட்சத்திரம் பெற்ற புத்தகம் வாங்கப்படுகிறது. அது பெரும்பாலும் முதன்முறையாக நிரல் எழுதுவோருக்கான புத்தகமாக இருக்கும். மாறி என்றால் என்ன, நிபந்தனை என்றால் என்ன, லூப் எப்படிச் சுழல்கிறது என முதல் 150 பக்கங்கள் செல்லும். அனுபவமுள்ளவர் இவற்றைக் கண்ணால் மேய்ந்தபடி தாண்டுவார். அந்தப் பக்கங்களின் நடுவே, இந்த மொழிக்கு மட்டுமே உரிய ஒரு விதி இரண்டே வரியில் சொல்லப்பட்டிருக்கும். மேய்ந்து பழகிய கண் அதையும் சேர்த்துத் தாண்டிவிடும். மூன்று மாதம் கழித்து, உற்பத்திச் சூழலில் ஓடும் மென்பொருளில் அந்த இரண்டு வரிதான் பிழையாக வந்து நிற்கும்.

எனவே, அனுபவமுள்ளவர் தேட வேண்டியது எளிமையான புத்தகமும் அல்ல, முழுமையான புத்தகமும் அல்ல. ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பச் சொல்லாமல், எது வேறுபடுகிறதோ அதில் நின்று பேசும் புத்தகமே அவருக்குத் தேவை. அப்படிப்பட்ட புத்தகத்தைக் கண்டறிவது எப்படி என்பதை இந்தத் தொகுப்பில் காணலாம்.

முதல் மொழி வேறு, இரண்டாம் மொழி வேறு

இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் பயின்ற பலருக்கு யஷ்வந்த் கனேட்கரின் 'லெட் அஸ் சி' நூலோ, அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் இ. பாலகுருசாமியின் சி மொழிப் பாடநூலோ அறிமுகமாகியிருக்கும். கணினிக்குக் கட்டளை எழுதுவது என்றால் என்ன என்றே அறியாத மாணவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது இத்தகைய நூல்களின் பணி. அதனால்தான் அவை மெதுவாக நடக்கின்றன. ஒரே கருத்தைப் பல பயிற்சிகளில் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. முதல் மொழி கற்பவருக்கு அந்த நிதானம் தேவை. இரண்டாவது, மூன்றாவது மொழி கற்பவருக்கு அதே நிதானம் தூக்கத்தை வரவழைக்கும்.

இதற்கு நேர் எதிரான மரபைத் தொடங்கி வைத்த நூல் பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய 'தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்'. 1978-ல் முதல் பதிப்பும், 1988-ல் இரண்டாம் பதிப்பும் வெளியாயின. இரண்டாம் பதிப்பு 272 பக்கங்களே கொண்டது. இது நிரலாக்க அரிச்சுவடி அல்ல, மாறி, லூப், ஃபங்ஷன் போன்றவை ஓரளவு தெரிந்தவர்களுக்கானது என்பதை ஆசிரியர்கள் முன்னுரையிலேயே தெளிவுபடுத்தியுள்ளனர். முதல் அத்தியாயம் மொழி முழுவதையும் ஒரே ஓட்டத்தில் சுற்றிக் காட்டிவிடும். அதன்பின் ஒவ்வொரு பகுதியும் விரிவாக வரும். சி மொழியையே முதல் மொழியாகக் கற்கத் தொடங்கும் மாணவர்கள் இந்த நூலைக் கடினம் என்று ஒதுக்குவதும், பிறிதொரு மொழியில் தேர்ந்தவர்கள் இதே நூலை ஒரே மூச்சில் படித்து முடிப்பதும் ஒரே காரணத்தால்தான்.

பழைய அறிவே இடையூறாகும்போது

அனுபவமுள்ளவருக்குப் புதிய மொழி எளிதாக வந்துவிடும் என்ற பொது நம்பிக்கையை 2020-ல் வெளியான ஓர் ஆய்வு சோதித்துப் பார்த்தது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தையும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' தளத்தில் 18 நிரலாக்க மொழிகள் குறித்துக் கேட்கப்பட்ட 450 கேள்விகளை எடுத்து ஆராய்ந்தனர். அவற்றில் 276 இடங்களில், வேறொரு மொழியிலிருந்து சுமந்து வந்த தவறான அனுமானமே குழப்பத்துக்குக் காரணமாக இருந்தது தெரியவந்தது. இதையடுத்து 16 தொழில்முறை நிரலாளர்களையும் நேர்காணல் செய்தனர். புதிய மொழியைத் தெரிந்த மொழியோடு பொருத்திப் பார்க்க முயன்று, பொருந்தாத இடத்தில் இடறி விழுவதாக அந்த நேர்காணல்கள் காட்டின.

இதற்கு மிகச் சிறிய எடுத்துக்காட்டு வகுத்தல். ஜாவாவில் 7 என்ற முழு எண்ணை 2 என்ற முழு எண்ணால் வகுத்தால் 3 கிடைக்கும். பைத்தானில் அதே குறியீடு 3.5 தரும். இது உடனே கண்ணில் படும் என்பதால் ஆபத்து குறைவு. முழு எண்ணாக விடை வேண்டும் என்று பைத்தானில் இரட்டைச் சாய்கோட்டைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்ட பிறகுதான் உண்மையான பொறி வருகிறது. எதிர்மறை 7-ஐ அப்படி 2-ஆல் வகுத்தால் பைத்தான் எதிர்மறை 4 என்று சொல்லும். ஜாவா எதிர்மறை 3 என்று சொல்லும். ஒன்று கீழ்நோக்கி முழுமையாக்குகிறது, மற்றொன்று பூஜ்ஜியத்தை நோக்கி முழுமையாக்குகிறது. மீதியும் அதற்கேற்ப மாறும்: எதிர்மறை 7-ஐ 2-ஆல் வகுத்தால் வரும் மீதி பைத்தானில் 1, ஜாவாவில் எதிர்மறை 1. ஓர் எண் ஒற்றைப்படையா என்பதை, மீதி 1 தானா என்று பார்த்து முடிவு செய்யும் நிரல் பைத்தானில் சரியாக ஓடும். அப்படியே ஜாவாவுக்கு மாற்றினால் எதிர்மறை எண்களில் தவறும்.

இன்னொரு வகை இடறல் நுட்பமானது. நிரல் ஓடும், பிழை எதுவும் வராது. ஆனால் புதிய மொழியின் உடையில் பழைய மொழியே பேசிக்கொண்டிருக்கும். ஜாவாவிலிருந்து வந்தவர் பைத்தானில் எழுதும்போது, ஒவ்வொரு தரவுக்கும் அதை எடுக்க ஒரு ஃபங்ஷன், வைக்க ஒரு ஃபங்ஷன் என அடுக்கிக்கொண்டே போவதை மூத்த நிரலாளர்கள் பலரும் கண்டிருப்பார்கள். பைத்தானில் அதற்கு அவசியமே இல்லை. மொழியின் இலக்கணத்தை மட்டும் சொல்லும் புத்தகம் இதைத் திருத்தாது.

'தமிழ்' என்ற சொல்லின் நீளம் எவ்வளவு?

புத்தகக் கடையிலோ, இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் பக்கங்களிலோ ஒரு நூலை ஐந்து நிமிடத்தில் எடைபோட விரும்புபவர், எழுத்துச் சரங்கள் பற்றிய பகுதியைத் திறந்து பார்க்கலாம். தமிழ் அறிந்தவர்களுக்கு இது கூடுதல் வசதி.

'தமிழ்' என்ற சொல்லில் எழுத்துகள் எத்தனை என்று கேட்டால் பள்ளிக் குழந்தையும் 3 என்று சொல்லும். யூனிகோடு முறையில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகளாகப் பதிவாகிறது. ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள் எடுப்பதால் மொத்தம் 15 பைட்டுகள். இப்போது, சரத்தின் நீளத்தைத் தரும் வழக்கமான கட்டளையை இட்டால் பைத்தானும் ஜாவாவும் 5 என்று சொல்லும். கோவும் ரஸ்ட்டும் 15 என்று சொல்லும். 3 என்று இவற்றில் எதுவும் சொல்வதில்லை. பெயர்ப் புலத்தில் 20 எழுத்துக்கு மேல் ஏற்காதே என்று ஜாவாவில் எழுதிய விதியை அப்படியே கோவுக்குக் கொண்டு சென்றால், ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் ஒழுங்காக நுழையும். தமிழிலோ இந்தியிலோ பெயர் எழுதியவர் ஏழாவது குறியீட்டிலேயே வாசலில் நிறுத்தப்படுவார்.

ஒரு புத்தகம் இந்த வேறுபாட்டை விளக்குகிறதா, அல்லது ஆங்கில எழுத்துகளை மட்டும் காட்டி நகர்ந்துவிடுகிறதா என்பதே சோதனை. இதில் முன்மாதிரியாகச் சொல்லத்தக்கது 'தி ரஸ்ட் புரோகிராமிங் லாங்குவேஜ்'. அதன் எட்டாவது அத்தியாயம் 'நமஸ்தே' என்ற இந்திச் சொல்லைத் தேவநாகரியிலேயே எடுத்துக்கொண்டு, அது 18 பைட்டுகளாகவும், 6 குறியீடுகளாகவும், மனிதக் கண்ணுக்கு 4 எழுத்துகளாகவும் எப்படித் தெரிகிறது என்று படிப்படியாகப் பிரித்துக் காட்டுகிறது. சரத்தின் முதல் எழுத்தைக் கொடு என்று எண்ணால் கேட்பதை ரஸ்ட் ஏன் அனுமதிப்பதில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. பைத்தானுக்கு லூசியானோ ரமால்யோவின் 'ஃப்ளூயன்ட் பைத்தான்' இதற்கென ஒரு முழு அத்தியாயத்தையே ஒதுக்கியுள்ளது.

முன்னுரையைப் படிப்பவர் குறைவு

நூலின் முன்னுரையைத் தாண்டிச் செல்வது பலரின் பழக்கம். அனுபவமுள்ள நிரலாளர் வாங்கும் முன் படிக்க வேண்டியது அதைத்தான். நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பதை நல்ல ஆசிரியர்கள் ஒளிப்பதில்லை.

சி++ மொழியை உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் ஒரே மொழிக்கு மூன்று வகை நூல்கள் எழுதியிருப்பது இதற்கு நல்ல சான்று. நிரலாக்கமே புதிது என்பவர்களுக்கு 'புரோகிராமிங்: பிரின்சிபிள்ஸ் அண்ட் பிராக்டீஸ் யூசிங் சி++'. மொழியை முழுமையாக அறிய விரும்புவோருக்கு 1,300-க்கும் மேற்பட்ட பக்கங்களில் 'தி சி++ புரோகிராமிங் லாங்குவேஜ்'. இதன் நான்காம் பதிப்பு 2013-ல் வந்தது. வேறு மொழியில் தேர்ந்தவர்களுக்கும், பழைய சி++ மட்டும் அறிந்தவர்களுக்கும் சுமார் 300 பக்கங்களில் 'எ டூர் ஆஃப் சி++'. இதன் மூன்றாம் பதிப்பு 2022-ல் வெளியாகி, சி++20 வரை எட்டுகிறது. மூன்றின் அட்டையிலும் ஒரே ஆசிரியர் பெயர். பெயரை மட்டும் பார்த்து, தடிமனானதே சிறந்தது என்று எடுத்தால், 300 பக்கத்தில் முடிய வேண்டிய வேலைக்கு 1,300 பக்கம் சுமக்க நேரிடும்.

எங்கிருந்து வருகிறார் என்பதையும் சில நூல்கள் முன்கூட்டியே கணக்கில் கொள்கின்றன. 2017-ல் கூகுள் நிறுவனம் ஆண்ட்ராய்டு செயலிகளுக்கு கோட்லின் மொழியை அதிகாரபூர்வமாக ஏற்றபோது, ஜாவா அறிந்த பல்லாயிரம் ஆண்ட்ராய்டு நிரலாளர்கள் அதற்கு மாற வேண்டியிருந்தது. அதே ஆண்டு வந்த 'கோட்லின் இன் ஆக்‌ஷன்' ஜாவா அறிந்தவர்களை நோக்கியே பேசியது. ஒவ்வொரு அம்சத்தையும் ஜாவாவில் எப்படி இருந்தது, இங்கே ஏன் மாறுகிறது என்று ஒப்பிட்டுச் செல்வதால், ஜாவாக்காரருக்கு அது நேர்வழி. பைத்தானிலிருந்து வருபவருக்கு அதே ஒப்பீடு பாதி புரியாத பேச்சாக இருக்கும்.

ரஸ்ட் மொழியிலும் இதே நிலைதான். மேலே சொன்ன 'தி ரஸ்ட் புரோகிராமிங் லாங்குவேஜ்' நூலை ஸ்டீவ் கிளாப்னிக், கேரல் நிக்கோல்ஸ் ஆகியோர் எழுதியுள்ளனர். படிப்பவருக்கு ஏதேனும் ஒரு மொழி தெரியும் என்று மட்டுமே அது எடுத்துக்கொள்கிறது. எந்த மொழி என்று கேட்பதில்லை. ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் பின்னணியிலிருந்து வந்து, நினைவகத்தைக் கையால் நிர்வகித்தே பழகாதவர்களுக்கு இது பொருந்தும். சி, சி++ மொழிகளில் நினைவகத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு, ஜிம் பிளாண்டி, ஜேசன் ஓரெண்டார்ஃப், லியோனோரா டின்டால் ஆகியோரின் 'புரோகிராமிங் ரஸ்ட்' நெருக்கமாக இருக்கும். இதன் இரண்டாம் பதிப்பு 2021-ல் வெளியானது. உரிமையுடைமை எனப்படும் ரஸ்ட்டின் மையக் கருத்தை, அதாவது ஒரு தரவுக்கு ஒரு நேரத்தில் ஒரே உரிமையாளர்தான் என்ற விதியை, இரண்டு நூல்களும் நான்காம் அத்தியாயத்திலேயே எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கருத்தைப் பத்தாவது அத்தியாயம் வரை தள்ளிப்போடும் ஒரு ரஸ்ட் புத்தகம் கண்ணில் பட்டால், அதைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவதே நல்லது. ஒரு மொழிக்கு உரிய தனிக் கருத்து நூலின் எந்த இடத்தில் வருகிறது என்பதைப் பொருளடக்கத்தில் பார்த்தாலே, ஆசிரியரின் துணிவு தெரிந்துவிடும்.

ஜான் யெங்செட்டின் 'ரஸ்ட் ஃபார் ரஸ்டேஷியன்ஸ்' என்ற நூலும் நல்ல பெயர் பெற்றதுதான். ஆனால், அது ரஸ்ட் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கானது. தனக்குப் பத்து ஆண்டு அனுபவம் உண்டு என்ற எண்ணத்தில் அதிலிருந்து தொடங்குபவர்களின் அனுபவம் வேறு மொழியில் உள்ளது என்பதை அந்த நூல் கருத்தில் கொள்ளாது.

பதிப்பு ஆண்டு சொல்லும் கதை

ஆலன் டோனவனும், சி நூலை எழுதிய அதே கெர்னிகனும் இணைந்து எழுதிய 'தி கோ புரோகிராமிங் லாங்குவேஜ்' 2015-ன் இறுதியில் வெளியானது. கோ மொழி கற்க எந்தப் புத்தகம் என்று கேட்டால் இன்றும் முதலில் சொல்லப்படும் பெயர்களுள் ஒன்று இது. விளக்கத்தின் தெளிவுக்கும் பயிற்சிகளின் தரத்துக்கும் அந்தப் பெயர் தகும். ஆனால், 2015-க்குப் பின் கோ மொழி அசையாமல் நிற்கவில்லை.

நிரல் தொகுப்புகளை நிர்வகிக்கும் 'மாட்யூல்' முறை 2018-ல் கோ 1.11 பதிப்பில் அறிமுகமானது. எனவே, அந்த நூலில் சொல்லப்படும் கோப்புறை அமைப்பு இன்றைய திட்டங்களில் இல்லை. பல வகைத் தரவுக்கும் ஒரே ஃபங்ஷனை எழுத உதவும் 'ஜெனரிக்ஸ்' 2022 மார்ச்சில் கோ 1.18 உடன் வந்தது. இவை இரண்டும் நூலில் இல்லை என்பது எளிதில் தெரிந்துவிடும் குறை. மூன்றாவது மாற்றம் சற்று விசித்திரமானது. லூப்பின் மாறியை உள்ளே இருக்கும் ஃபங்ஷன் பிடித்துக்கொள்ளும்போது எல்லாச் சுற்றுகளும் ஒரே மாறியைப் பகிர்ந்துகொள்ளும் என்று நூலின் ஐந்தாம் அத்தியாயம் தனிப் பகுதியில் எச்சரிக்கிறது. அன்று அது மிகச் சரியான எச்சரிக்கை. 2024 பிப்ரவரியில் வந்த கோ 1.22 இந்த நடத்தையையே மாற்றிவிட்டது. இப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய மாறி. அதுவும், திட்டத்தின் மாட்யூல் கோப்பில் 1.22 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு குறிப்பிடப்பட்டிருந்தால் மட்டுமே. ஆக, பழைய திட்டத்தைப் பராமரிப்பவருக்கு 2015 நூலின் எச்சரிக்கை இன்றும் உயிரோடு இருக்கிறது; புதிய திட்டத்தில் சேர்பவருக்கு அது வரலாறு. ஜெனரிக்ஸ் உள்ளிட்டவற்றைச் சேர்த்து, ஜான் பாட்னரின் 'லேர்னிங் கோ' இரண்டாம் பதிப்பு 2024-ல் வந்துள்ளது.

இலவசமாகக் கிடைக்கும் அதிகாரபூர்வ ஆவணங்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். கோ மொழியின் தளத்தில் உள்ள 'எஃபெக்டிவ் கோ' என்ற ஆவணம் 2009-ல் மொழி அறிமுகமானபோது எழுதப்பட்டது. அதன்பின் பெரிதாகப் புதுப்பிக்கப்படவில்லை என்று அந்த ஆவணமே தன் தொடக்கத்தில் குறிப்பிடுகிறது.

ஜாவாஸ்கிரிப்ட்டில் இடைவெளி இன்னும் பெரிது. டக்ளஸ் கிராக்ஃபோர்டின் 'ஜாவாஸ்கிரிப்ட்: தி குட் பார்ட்ஸ்' 2008-ல் வந்த மெல்லிய நூல். அந்தக் காலத்தில் அதன் செல்வாக்கு மிகப் பெரியது. 2015-ல் மொழியின் தரநிலை பெரும் மாற்றம் கண்டது. அந்த நூல் தவிர்க்கச் சொன்ன பல சிக்கல்களுக்கு மொழியே மாற்று வழி தந்துவிட்டது. பழைய நூல் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை இன்று முதல் நூலாக வாங்குவது, இடித்துக் கட்டப்பட்ட தெருவுக்குப் பழைய வரைபடத்தோடு போவதைப் போன்றது. பைத்தானில் இன்னும் கடுமை: பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்தப் பதிப்பை வைத்து எழுதப்பட்ட நூலின் பல நிரல்கள் இன்று ஓடவே ஓடா.

இதை வைத்து, பழைய நூல் என்றாலே கூடாது என்று முடிவு செய்யவும் வேண்டாம். சி மொழி மெதுவாக மாறும் இயல்புடையது. 1988-ன் நூல் அதன் பிந்தைய தரநிலைகளைச் சொல்லாது என்றாலும், மொழியின் மனப்போக்கை இன்றும் சரியாகவே காட்டுகிறது. ஜோஷுவா பிளாக்கின் 'எஃபெக்டிவ் ஜாவா' மூன்றாம் பதிப்பு 2018-ன் நூல். ஜாவா 9 வரைதான் வருகிறது. ஆனாலும், அதன் 90 அறிவுரைகளில் பெரும்பாலானவை வடிவமைப்பு பற்றியவை என்பதால் ஆண்டு அவற்றை எளிதில் தேய்ப்பதில்லை. நூலின் வயதை விட, அந்த வயதுக்குள் மொழி எவ்வளவு நகர்ந்தது என்பதே கணக்கு.

இரண்டாவது புத்தகம் எப்போது?

மொழியின் உருவத்தைக் காட்டும் நூல் ஒன்று, அந்த மொழியில் தேர்ந்தவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று காட்டும் நூல் ஒன்று என இரண்டு வகை உண்டு. 'எஃபெக்டிவ் ஜாவா', பிரெட் ஸ்லாட்கினின் 'எஃபெக்டிவ் பைத்தான்', தேவா ஹர்சன்யியின் '100 கோ மிஸ்டேக்ஸ் அண்ட் ஹவ் டு அவாய்ட் தெம்' ஆகியவை இரண்டாம் வகை. புதிய மொழியின் உடையில் பழைய மொழி பேசும் பழக்கத்தைத் திருத்துபவை இவையே.

ஆனால், முதல் நாளே இவற்றை வாங்குவதில் பயன் குறைவு. தான் எழுதிய நிரலில் ஒரு தவறைச் சந்தித்தவருக்கே, அந்தத் தவறை விளக்கும் பக்கம் பேசும். 'ஃப்ளூயன்ட் பைத்தான்' இரண்டாம் பதிப்பு 2022-ல் சுமார் 1,000 பக்கங்களில் வந்தது. பைத்தானில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவர்களுக்கானது என்று அதன் முன்னுரை சொல்கிறது. வேறு மொழியிலிருந்து பைத்தானுக்கு வருபவர், பைத்தானின் அதிகாரபூர்வ டுடோரியலில் தொடங்கலாம். நிரலாக்கத்துக்குப் புதியவர்களுக்காக அல்லாமல், பைத்தானுக்குப் புதியவர்களுக்காக எழுதப்பட்ட ஆவணம் அது, செலவும் இல்லை. இரண்டு, மூன்று வாரம் நிரல் எழுதிப் பார்த்த பின்பு ரமால்யோவைத் திறந்தால், அந்த 1,000 பக்கமும் பாரமாக இருக்காது.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் நிரலை நொடியில் எழுதித் தரும் காலத்தில் புத்தகம் எதற்கு என்ற கேள்வியும் எழுகிறது. கேட்டதற்குப் பதில் தருவதில் அவை வல்லவை. ஜாவா நிரலைக் கொடுத்து, இதைக் கோவில் மாற்று என்றால், ஜாவாவின் சிந்தனையை அப்படியே கோவின் இலக்கணத்தில் மாற்றித் தருவதும் உண்டு. அது சரியா என்று மதிப்பிட, கோவில் இதை வேறு விதமாகச் செய்வார்கள் என்பது கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்கத் தோன்றாத கேள்வியை எழுப்பித் தருவது இன்னமும் ஒழுங்காகக் கட்டப்பட்ட ஒரு நூலின் பொருளடக்கம்தான்.

இந்தியப் பதிப்பு வாங்குவோர் கவனத்துக்கு

வெளிநாட்டு விலையில் நிரலாக்க நூல்கள் வாங்குவது பலருக்குக் கட்டுப்படியாகாது. ஓ'ரைலி நிறுவனத்தின் நூல்களை மும்பையைச் சேர்ந்த ஷ்ராஃப் பப்ளிஷர்ஸ் இந்தியாவில் மறுபதிப்பு செய்கிறது; பியர்சன், மெக்ரா ஹில் போன்ற நிறுவனங்களும் இந்தியப் பதிப்புகளை வெளியிடுகின்றன. விலை கணிசமாகக் குறைவு. இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டுமே விற்பனைக்கு என்ற குறிப்பு இவற்றில் அச்சிடப்பட்டிருக்கும். மூல நூலில் வண்ணத்தில் உள்ளவை கறுப்பு வெள்ளையாக வருவது உண்டு. நிரல் நூல்களுக்கு அதனால் பெரிய இழப்பு இல்லை.

கவனிக்க வேண்டியது பதிப்பு எண். மூல நூலின் புதிய பதிப்பு வந்துவிட்ட பிறகும், பழைய பதிப்பின் இந்திய அச்சு விற்பனைத் தளங்களில் தொடர்ந்து கிடைக்கும். தள்ளுபடி அதிகம் என்றால் ஏன் என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. அட்டைப் படத்தை நம்பாமல், விவரப் பகுதியில் உள்ள பதிப்பு எண்ணையும் ஆண்டையும் சரிபார்க்க வேண்டும். பிரபல நூல்களின் பதிப்புரிமையை மீறிய நகல் அச்சுகளும் சந்தையில் உலவுகின்றன. அவற்றில் பக்கம் விடுபடுவதும், நிரலில் நிறுத்தக்குறிகள் மங்கி மறைவதும் சாதாரணம். பைத்தானில் வரியின் தொடக்கத்தில் உள்ள இடைவெளிக்கே பொருள் உண்டு என்பதால், மோசமான அச்சு அங்கே வெறும் அழகுக் குறையாக நிற்காது.

பணம் கொடுக்காமலே நேர்மையான வழியில் கிடைப்பவையும் உண்டு. ரஸ்ட் நூல் முழுவதும் இணையத்தில் இலவசம். ரஸ்ட்டைக் கணினியில் நிறுவும்போதே அந்த நூலும் உடன் வந்துவிடுவதால், இணைய இணைப்பு இல்லாத ரயில் பயணத்திலும் படிக்கலாம். பல ஐடி நிறுவனங்கள் ஊழியர்களுக்காக மின்னூல் தளங்களுக்குச் சந்தா செலுத்துகின்றன. சொந்தப் பணத்தில் வாங்கும் முன், மனிதவளப் பிரிவிடமோ பயிற்சிப் பிரிவிடமோ ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்பது பயன் தரும்.

வாங்கிய பின் படிப்பது எப்படி?

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே வேகத்தில் படிப்பது அனுபவமுள்ளவருக்குப் பொருந்தாது. எங்கே ஓட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர் வந்த மொழியே தீர்மானிக்கும். தொடக்கத்தில் சொன்ன அந்த ஜாவா பொறியாளர் கையில் டோனவன், கெர்னிகன் எழுதிய கோ நூல் இருப்பதாகக் கொள்வோம்.

முதல் அத்தியாயத்தின் நிரல்களைக் கண்ணால் படிக்காமல் கையால் தட்டச்சு செய்து ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு முதல் நான்கு வரையிலான அத்தியாயங்களை வேகமாகக் கடக்கலாம். மூன்றாவதில் சரங்கள், நான்காவதில் 'ஸ்லைஸ்' எனப்படும் வரிசைத் துண்டுகள் ஆகிய இரண்டு இடங்களில் மட்டும் நிற்க வேண்டும். ஸ்லைஸை ஜாவாவின் பட்டியல் என்று எண்ணிவிட்டால், ஒரே தரவை இரண்டு ஸ்லைஸ்கள் பகிர்ந்துகொள்ளும்போது ஒன்றில் செய்த மாற்றம் மற்றொன்றில் தெரிவது புதிராக இருக்கும். ஐந்தாவதில் பிழைகளைக் கையாளும் பகுதி மிக முக்கியம். ஜாவாவில் பிழையைத் தூக்கி எறிந்து வேறிடத்தில் பிடிக்கும் பழக்கம் இங்கே இல்லை. பிழை ஒரு சாதாரண மதிப்பாகத் திரும்பி வரும், அழைத்த இடத்திலேயே அதைப் பார்த்தாக வேண்டும்.

ஏழாவது அத்தியாயமான 'இன்டர்ஃபேஸ்' பகுதிக்கு ஒரு முழு வார இறுதி தேவைப்படலாம். சொல் ஜாவாவில் கேட்ட அதே சொல், பொருள் வேறு. இந்த வகை இந்த இன்டர்ஃபேஸை நிறைவேற்றுகிறது என்று எங்கும் அறிவிக்க வேண்டியதில்லை, தேவையான மெத்தட்கள் இருந்தாலே போதும் என்பது கோவின் முறை. எட்டு, ஒன்பது அத்தியாயங்கள் ஒரே நேரத்தில் பல பணிகளை இயக்குவது பற்றியவை; இந்த மொழியைத் தேர்ந்தெடுக்க நிறுவனங்கள் சொல்லும் காரணங்களுள் ஒன்று அங்கேதான் உள்ளது. தொகுப்புகள் பற்றிய பத்தாவது அத்தியாயத்துக்குப் பதிலாகக் கோ தளத்தில் உள்ள மாட்யூல் ஆவணத்தைப் படிப்பதே இன்றைக்குச் சரி. ஜெனரிக்ஸுக்கும் அங்கேயே ஒரு டுடோரியல் உண்டு. பன்னிரண்டும் பதின்மூன்றும் ஆறு மாதம் காத்திருக்கலாம்.

இவற்றோடு, ஜாவாவில் தானே எழுதி நன்கு அறிந்த ஒரு சிறு கருவியை, பதிவுக் கோப்புகளை அலசும் நிரல் போன்ற ஒன்றை, கோவில் புதிதாக எழுதிப் பார்க்க வேண்டும். பழைய நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி மாற்றுவதைத் தவிர்த்து, அது என்ன செய்யும் என்ற நினைவை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுவதே இங்கு வழி. எழுதி முடித்ததைக் குழுவில் ஏற்கெனவே கோ அறிந்த ஒருவரிடம் காட்டினால், எந்த வரியில் இன்னும் ஜாவா வாடை வீசுகிறது என்பதை அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். '100 கோ மிஸ்டேக்ஸ்' நூலை வாங்க அதுவே சரியான நாள்.